அவள் பேச்சுக்கு இரண்டாவது வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வரும்போது, இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். தபசு முடிந்து ரத வீதியில் கடைகளைப் பிரிக்கும்போது அந்த நினைப்பும் பிரிந்து போய்விடும். நான் படித்தது எட்டாம் வகுப்பு. காலையில் விளக்கேற்றிப் பதிகம் பார்த்துப் படிப்பேன், பால் கணக்கு எழுதுவேன், அதற்கு மேல் பேனா பிடித்தவள் இல்லை. ஒரு மொழி இல்லாமல் போய்க்கொண்டிருப்பதைப் பற்றிச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்ற கூச்சம் ஒரு பக்கம். ஆப்பிரிக்காவில் ஒரு மலையடிவாரத்தில் கொஞ்சம் பேர் மட்டும் பேசுகிற பேச்சை, சங்கரன்கோவிலில் தறி ஓடுகிற வீட்டுக்காரி பேசினாள் என்றால் சிரிக்க மாட்டார்களா என்ற பயம் இன்னொரு பக்கம். அம்பாள் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் விசைத்தறி, பின்பக்கம் நாங்கள், மாடியில் ஒரு போர்ஷன். பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் மேல்படிப்புப் படிக்க தான்சானியா தேசத்திலிருந்து வந்த ஒருவர் அந்தப் போர்ஷனை வாடகைக்குக் கேட்டார். கூடவே மனைவி, நடை பழகும் வயதில் ஒரு பெண் பிள்ளை. ஊரில் இரண்டு மூன்று பேர் வீடு தர யோசித்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அந்தப் பிள்ளை தறிச் சத்தத்தைக் கேட்டு ஆடுவதைப் பார்த்துவிட்டு, "சாவியக் குடு ஏட்டி" என்று சொல்லிவிட்டார்.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தறி நின்றதும் வீடு அப்படியே அமைதியானது. மாடிப்படிப் பக்கம் "த்ச்" என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் உடனே விரலால் தறிக்கட்டையைத் தட்டி, "சிவ சிவா" என்றார்.

"ஏட்டி, எந்தத் திசையில சொல்லுது? தெக்கயா?"

"பல்லி இல்லங்க. நம்ம மாடிக்காரப் பிள்ள, மகள கொஞ்சுதா."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தார். படியில் உட்கார்ந்து அவள் பிள்ளைக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே அந்தச் சத்தம். நாம் இரக்கப்பட்டால் நாக்கை மேல்பல்லில் ஒட்டி எடுப்போமே, அது ஒன்று. மாட்டை ஓட்டும்போது கன்னத்துப் பக்கமாக ஒன்று கொடுப்போமே, அது ஒன்று. பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி மேலண்ணத்திலிருந்து எடுப்பது இன்னொன்று. நமக்கு அதெல்லாம் மாட்டுக்கும் பெருமூச்சுக்கும் மட்டும்தான் ஆகும். அவர்களுக்கோ அது கானா மாதிரி, மானா மாதிரி ஓர் எழுத்து.

அன்றைக்குப் பிடித்த ஆவல்தான். அவளுக்குத் தமிழ் வர வர நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவள் கற்ற தமிழ் எங்கள் தெருத் தமிழ். "சொல்லுதேன் அக்கா", "இங்கன வாங்க" என்பாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பிரசாதமாகத் தருகிற புற்றுமண் வாங்கி, நெற்றியில் இடச் சொல்லிக் கொடுப்பதற்குள் அவள் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும், இத திங்கலாம்னு?"

"மண்ணுதான அக்கா? எங்க ஊர்ல பிள்ளத்தாச்சிங்க எல்லாம் திம்பாங்க. சந்தைல விக்கும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாமியை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒரு சொல் சொன்னாள். அதே சொல்தான் சூரியனுக்குமாம். தினமும் காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிடுகிற எனக்கு அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை.

அவள் வீட்டுக்காரர் வேறு இனம். அவர் பேசுவது அந்த நாடு முழுக்கப் பேசுகிற ஸ்வாஹிலி. இவளுடைய சனம் சின்னது. எவ்வளவு பேர் என்று கேட்டதற்கு, தபசன்று எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இந்த ஒரு தெருக் கூட்டத்துக்குள்ள நாங்க எல்லாரும் அடங்கிருவோம் அக்கா" என்றாள். காட்டில் தேன் எடுப்பவர்கள். தேன்கூடு இருக்கிற மரத்தை ஒரு சின்னப் பறவை காட்டிக்கொடுக்குமாம். இவர்கள் சீட்டி அடித்தால் அது பதில் குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் பறக்குமாம். கூட்டை உடைத்தால் மெழுகு பறவைக்கு. இப்போது பிள்ளைகள் தூரத்துப் பள்ளி விடுதிகளில் இருக்கிறார்கள், ஸ்வாஹிலி பேசுகிறார்கள், சீட்டி அடிக்க ஆளில்லை. சில பக்கம் பறவையும் கூப்பிடுவதை விட்டுவிட்டது என்றாள். அவளுடைய அண்ணன் மட்டும் இன்னும் சீட்டி அடிக்கிறாராம்.

அந்த அண்ணனிடம்தான் எல்லாம் இருந்தது. அவர்கள் வழக்கப்படி பிள்ளைக்குப் பேர் வைப்பது தாய்மாமன். பிறந்ததும் வைத்துவிட மாட்டார். பிள்ளை பேச ஆரம்பித்ததும் அவர் ஏதாவது கேட்பார். பிள்ளை அவர் பேச்சிலேயே பதில் சொன்னால் அன்றைக்கு அதற்குப் பேர். அதுவரை சின்னது என்கிற மாதிரி ஒரு சொல்தான். பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரை அவள் பேராகவே எண்ணவில்லை.

"உங்க அண்ணன்கிட்ட இது பதில் சொல்லுமா?" என்று கேட்டேன்.

அவள் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். அது அதற்குள் தமிழ் பேச ஆரம்பித்திருந்தது. வா, தா, பாலு, காக்கா என்று தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தும்.

அண்ணன் ஊரில் டவர் இல்லை. பாறை மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். அப்படி ஒருநாள் ஏறிப் பேசினார். அவர் கேட்கக் கேட்கப் பிள்ளை என் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, கடைசியில் போனைப் பார்த்து, "மாமா, வா" என்றது. எனக்கு அள்ளிக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. அவள் முகம் செத்துவிட்டது. அண்ணன் சொன்னதைப் பிறகு எனக்குச் சொன்னாள்: "அது உன் புருசன் வீட்டுப் பிள்ளை. பேர் வைக்க நான் யார்?"

தாய்மாமன் அப்படிச் சொன்னால் நம் வீட்டுப் பெண் சோறு தின்பாளா? அவளும் தின்னவில்லை. நான் ரசம் சாதம் பிசைந்து மாடிக்குக் கொண்டுபோனேன்.

"நீ பிள்ளகிட்ட உங்க பேச்சுதான பேசுத? பெறவு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"நான் ஒரு ஆளுதான அக்கா பேசுதேன். நீங்களும் அண்ணாச்சியும் பேசுதிய, கடைல பேசுதாங்க, எல்லாரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் தமிழ்ல பேசுதத பிள்ள பாக்கு. என் பேச்ச வேற யாரும் பேசல. அது அம்மா போடுத சத்தம்னு நெனச்சிட்டு." அப்புறம் சொன்னாள், "ஒரு வாய் போதாது. ரெண்டு வாய் வேணும்."

சாதத்தை உருட்டிக் கொடுத்துக்கொண்டே, "ரெண்டாவது வாய் நானா இருந்தா ஆகாதா?" என்று கேட்டுவிட்டேன்.

கீழே வந்த பிறகுதான் யோசனை வந்தது. சூரியனுக்கும் சாமிக்கும் அவர்கள் வைத்திருக்கிற சொல்லை நம் வாயால் சொல்லலாமா, தெய்வக்குற்றம் ஆகுமா என்று. மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். அரியும் அரனும் ஒரே உடம்பாக நிற்கிற சன்னதியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்று பட்டது. துளசியும் விபூதியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்கு வகுப்பு பின்வாசல் துவைகல்லில். நான் துவைப்பேன், அவள் அலசுவாள், பிள்ளை வாளியில் தண்ணீர் அடிக்கும். தண்ணீர், துணி, கல், கொடு, வாங்கு, வெயில், காக்கை என்று கண்ணுக்குப் பட்டதெல்லாம் பாடம். தறி ஓடும்போது நாக்குச் சத்தமெல்லாம் அமுங்கிப்போகும். கரண்ட் போனால் ஊரே சபிக்கும். நாங்கள் இரண்டு பேரும் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து உட்காருவோம். கன்னத்துப் பக்கத்துச் சத்தம் எனக்குத் தனியாக வந்தது. அதோடு ஒரு எழுத்தைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் வாயில் எச்சில்தான் வரும். அடுக்களையில் குழம்பு கிண்டிக்கொண்டே பழகுவேன்.

"ஏட்டி, மாடு எதுவும் வீட்டுக்குள்ள வந்துட்டா?" என்பார் இவர்.

"ஆமா, தறிக்கு முன்னால ஒண்ணு நிக்கி. அதத்தான் ஓட்டுதேன்."

"பேசு, பேசு. அந்தப் பிள்ளைக்கி மொழி வருதோ இல்லியோ, உனக்குப் பல்லு கொட்டிரும்."

காய்கறிக் கடையில் ஒருநாள் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே அவளிடம் அவர்கள் பேச்சில், "இது நல்லது, அது புழு" என்று சொன்னேன். அவளும் பதில் சொன்னாள். கடைக்கார அண்ணாச்சி தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யக்கா, ரெண்டு பேரும் சேந்து என்னய வையுதியளோ?"

"உம்ம கத்தரிக்காயத்தான் வையுதோம் அண்ணாச்சி."

"வைங்க, வைங்க. ஆனா தமிழ்ல வைங்க. எனக்கும் பதில் சொல்லணும்லா?"

பிள்ளை அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. கோழி தலையைச் சாய்த்துப் பார்க்குமே, அந்த மாதிரி. அதன் பிறகு வந்த ஒரு வாரத்துக்குள், துவைகல்லில் நான் அவர்கள் பேச்சில், "கொடு" என்று சோப்புக்குக் கை நீட்டியபோது, அவள் எடுப்பதற்கு முன்னால் பிள்ளை எடுத்து என் கையில் வைத்து, "வாங்கு" என்று அந்தப் பேச்சிலேயே சொன்னது. நாக்குச் சத்தம் சுத்தமாக விழுந்தது. எனக்குக்கூட அப்படி விழாது. அவள் ஈரக்கையோடு முகத்தை மூடிக்கொண்டாள். நான் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

ஒன்றில் மட்டும் நான் அவள் சொன்னபடி கேட்கவில்லை. அவர்கள் ஓர் இடத்தை விட்டுக் கிளம்பினால், "நடக்கிறேன்" என்று மட்டும் சொல்வார்களாம். நாம் போறேன் என்பது மாதிரி.

"அத நான் சொல்ல மாட்டேன் தாயி. ஒரு வீட்டுல இருந்து கெளம்பும்போது போறேன்னு சொல்லலாமா? போயிட்டு வாரேன்னுல்லா சொல்லணும்."

"எங்க பேச்சுல அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க அக்கா."

"இனிமே நான் சொல்லுதேன்னு வச்சுக்கோ. நடக்கதுக்கும் வாரதுக்கும் சொல்லு இருக்குல்லா? ரெண்டையும் சேத்துக்கிடுதேன்."

அவள் சிரித்தாள், வற்புறுத்தவில்லை. நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம், "நடந்து வருவேன்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டே இறங்குவேன். பிள்ளையும் கீழே ஓடிவரும்போது அப்படியே சொல்லும்.

படிப்பு முடிகிற சமயத்தில் அண்ணன் மறுபடி பாறையேறிப் பேசினார். மொட்டைமாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. போனை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். நான் மனசுக்குள் அம்பாளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டார் அவர். எனக்கே புரிந்தது.

பிள்ளை வடகத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. பிறகு அந்தப் பேச்சில், "காக்கா வந்தது. சோறு தின்றது" என்றது.

பிறகு, யார் சோறு போட்டது என்று கேட்டார்.

"பெரியம்மா."

அது மட்டும் தமிழ். அவர் ஏதோ கேட்க, இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியம்மா என்பது எந்த மாதிரி மிருகம் என்று கேட்டாராம்.

இன்னும் இரண்டு மூன்று கேட்டார். பிள்ளை எல்லாவற்றுக்கும் சொன்னது. அப்புறம் அதற்கு அலுத்துவிட்டது. எழுந்து படியிறங்கப் போகும்போது, தானாகவே போனைப் பார்த்து, "நடந்து வருவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டது.

அண்ணன் அந்தச் சொல்லை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, நீளமாக ஏதோ சொன்னார். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நான் ஏதோ கெடுத்துவிட்டேனோ என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டேன்.

அவள் சொன்னாள். அவர்கள் சனத்தில், "வருவேன்" என்பதைச் சும்மா சொல்ல மாட்டார்கள். ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டால் அவருக்கென்று தேனிலும் கறியிலும் ஒரு பங்கு எடுத்துவைக்க வேண்டும். அவர் வந்து தொடும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. அண்ணன் சொன்னது இதுதான்: "உன் பிள்ளை எனக்குப் பதில் சொன்னது. வருவேன் என்றும் சொல்லிவிட்டது. இன்றைக்கே ஒரு சுரைக்குடுக்கையில் தேன் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுகிறேன். அவள் வந்து அதைத் தொட்ட பிறகு பேர் சொல்கிறேன்."

"நான் சேத்துச் சொன்ன சொல்லால வந்ததா இது?" என்று கேட்டேன்.

"ஆமா அக்கா."

அவள் வீட்டுக்காரருக்குக் கடலோரத்துப் பெரிய நகரத்தில் வேலை காத்திருந்தது. அந்த மலைப்பக்கம் போவதாக அவர்கள் திட்டத்திலேயே இல்லை. பஸ் மாறி மாறிப் போக வேண்டிய தூரம். அவர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக இவரிடம் சொல்லிக் குறைப்பட்டார். "சின்னப் பிள்ள சொன்ன சொல்லுக்கு நாங்க எல்லாரும் போகணுமா அண்ணாச்சி?"

இவர் தறியில் அறுந்த பாவுநூலை முடிந்துகொண்டே சொன்னார், "தம்பி, எங்க ஊர்ல பிள்ளைக்கு மொட்ட போடணும்னாலே மாமன் மடி வேணும். அவரு வரலன்னா முடி அப்படியே கெடக்கும். உங்க மச்சான் மரத்துல தேனக் கட்டிட்டு உக்காந்திருக்காரு. நீரு வேலைய ஒரு வாரம் பொறுத்துச் சேந்தா குடி முழுகிருமாக்கும்? போயிட்டு வாரும் வே."

சாயங்காலச் சென்னை ரயிலுக்கு வழியனுப்பப் போனோம். புற்றுமண் ஒரு பொட்டலம், வடகம் ஒரு பை கொடுத்தேன். ரயில் அசைந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேச்சில், "நடக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் விளங்கியது, என்னிடம் அவள் பொய் சொல்ல விரும்பவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து திரும்பி வர முடியுமா? நான் அவளுக்காக மனசுக்குள் மற்றதைச் சேர்த்துக்கொண்டேன்.

பல மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு காலையில் வாட்ஸப்பில் அவள் அனுப்பிய ஒலிப்பதிவு ஒன்று வந்தது. தறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டோம். ஓர் ஆண் குரல், ஒரு பிள்ளைக் குரல். அவர் சீட்டி அடிக்கிறார், பிள்ளை அதே மாதிரி அடிக்கப் பார்த்துக் காற்றுத்தான் வருகிறது, அவர் திட்டுகிறார், அது எதிர்த்துப் பேசுகிறது. தேன், வெயில் என்று இரண்டு மூன்று சொல்லைத்தான் என்னால் பிடிக்க முடிந்தது. மற்றதெல்லாம் அவ்வளவு வேகம். என்னைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது பிள்ளை. நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

"என்னட்டி பேசுதாக?" என்றார் இவர்.

"தெரியலங்க. சண்ட போடுதாக."

"சரியாப் போச்சு. மாமனும் மருமகளும்னா அப்படித்தான்."

நடுவில் ஒரு சொல் அடிக்கடி வந்தது. நான் அறியாத சொல். அவளிடம் கேட்டேன். "அதுதான் அக்கா அவ பேரு" என்று பதில் வந்தது. அந்தப் பேச்சில் அவளோடு பேசுகிறவர்கள் மட்டும் கூப்பிடுகிற பேர் அது என்பதால் இங்கே எழுதவில்லை. என் பூஜையறையில் மட்டும், பிழையோடு, தினம் ஒருமுறை சொல்கிறேன்.

அண்ணனுடைய சொந்தப் பிள்ளைகளே விடுமுறைக்கு வந்தால் ஸ்வாஹிலியில்தான் பேசுகிறார்களாம். இந்த ஒரு பிள்ளை பேசினால் அந்தப் பேச்சு நிலைத்துவிடுமா என்று இவர் கேட்டார். எனக்குத் தெரியாது. பிள்ளையும் அவளும் இப்போது இருப்பது அந்தப் பெரிய நகரத்தில்தான். அங்கே இரண்டாவது வாய்க்கு யாரைப் பிடித்திருக்கிறாளோ. விடுமுறைதோறும் பிள்ளையை மாமனிடம் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள்.

இதை எழுதட்டுமா என்று அவளிடம்தான் முதலில் கேட்டேன். எழுதுங்க அக்கா, ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்க என்றாள். காமிராவோடு வந்து போனவர்கள் அவர்களைக் குகை மனிதர்கள் என்றும், பறவையோடு மந்திரத்தில் பேசுகிறவர்கள் என்றும் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்களாம். சனத்தின் பேரையும் அதனால்தான் போடவில்லை.

இதைப் படித்தவர்களுக்குப் பிடித்திருந்தால் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவளைக் காட்டுவாசி ஆக்க வேண்டாம், என்னைப் பண்டிதை ஆக்க வேண்டாம், அந்தப் பறவைக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் சேர்க்க வேண்டாம். மாமன் கேட்டார், காக்கா வந்து சோறு தின்றது என்று பிள்ளை அவர் பேச்சில் பதில் சொன்னது. அதை அப்படியே சொல்லுங்கள்.